மலசலகூடத்தைப் பூட்டினால் குடு நிற்குமா?

கேள்வி: வணக்கம் டொக்டர் அக்கா. நான் 2025 மே மாதத் தேர்தலில் எங்கள் நகரசபைக்கு முதல் தடவையாகத் தெரிவான உறுப்பினர். அதற்கு முன் முன்பள்ளி டீச்சர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பொது மலசலகூடத்தில் பொடியன்கள் குடு (ஹெரோயின்) அடிக்கிறார்கள் என்று வியாபாரிகள் மனு கொடுத்திருக்கிறார்கள். அதைப் பூட்டிவிட்டு, அங்கே நிற்பவர்களைப் பொலிஸை வைத்து அப்புறப்படுத்த அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வரப்போகிறது. கனடாவின் வன்கூவரில் இருக்கும் என் பெரியப்பா மகன், அங்கே மாநகரசபையே ஆதரவு கொடுத்து, போதை ஊசி போடுகிறவர்களுக்கு ஓர் இடம் நடக்கிறது என்று சொன்னார். கேட்கவே பயமாக இருந்தது. அது பழக்கத்தை ஊக்குவிப்பதாகாதா? இன்னொன்று, வெளியில் யாருக்கும் சொல்லாதது. என் தம்பிக்கும் (24) குடு பழக்கம் உண்டு. புறக்கோட்டையில் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்ப் பழகினான். கோர்ட் உத்தரவில் இப்போது மறுவாழ்வு நிலையத்தில் இருக்கிறான், அடுத்த மாதம் வெளியே வருகிறான். அம்மா அவனை அறையில் வைத்துப் பூட்டப்போவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கச்சி,

மலசலகூடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, தம்பியைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு வரிதான் முதலில் கண்ணில் பட்டது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள், தம்பியை அறையில் வைத்துப் பூட்ட அம்மாவை விடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், பூட்டின கதவுக்குப் பின்னால் ஒருவன் மூச்சு நின்று போனால் யாருக்கும் தெரியாது.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்த ஊரிலும் இதே பிரச்சினை வந்தது, இதே மாதிரி மனு, இதே மாதிரி கூட்டம், பெரிய பூட்டாக ஒன்று வாங்கிப் போட்டார்கள். பொடியன்கள் போனது ஊரை விட்டு அல்ல, ரோட்டுக்கு மேலே இருந்த தேயிலை மலைக்குள். ஒரு நாள் காலை கொழுந்து எடுக்கப் போன பெண்கள், கானுக்குள் ஒருவன் குப்புறக் கிடப்பதைப் பார்த்து ஆள் அனுப்பினார்கள். 22 வயது. எங்களிடம் கொண்டுவரும்போது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது, வலது கைப் பெருவிரல் நுனி லைட்டர் சூட்டில் காய்த்துக் கறுத்திருந்தது, சட்டைப் பையில் சிகரட் பெட்டியிலிருந்து உரித்த தாள் நாலாய் மடித்தபடி இருந்தது. அவனுடைய அம்மா அழவில்லை. "அந்தக் கக்கூசு தெறந்திருந்தா யாராச்சும் கதவத் தட்டியிருப்பாங்கதானே டொக்டர்" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தப் பாடத்தை எங்களுக்கு முன்னாலேயே படித்த ஊர் ஒன்று இருக்கிறது, சுவிட்சர்லாந்தின் சூரிச். அங்கே பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளாட்ஸ்பிட்ஸ் என்று ஒரு பூங்கா. எண்பதுகளின் கடைசியில் ஹெரோயின் பாவிக்கிறவர்கள் அங்கேதான் கூடினார்கள், பகல் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கில். 1992 பெப்ரவரியில் அதிகாரிகள் பூங்காவை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நாளிலேயே கூட்டம் அப்படியே பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த லெட்டன் ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. அதையும் 1995 பெப்ரவரியில் மூடினார்கள், ஆனால் இரண்டாவது தடவை கூட்டம் அதே அளவில் வேறொரு இடத்தில் கூடவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த இடைப்பட்ட காலத்தில் போவதற்கு இடங்கள் உண்டாகியிருந்தன. ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்து சுலபமாகக் கிடைத்தது, இரவு தங்க இடம் இருந்தது, கண்காணிப்போடு பாவிக்கும் அறைகள் இருந்தன, வேறு எதுவும் பலிக்காதவர்களுக்கு 1994 முதல் டொக்டரின் மேற்பார்வையிலேயே மருந்துத் தரமான ஹெரோயின் கொடுக்கும் சிகிச்சையும் இருந்தது. பொலிஸும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2008-ல் இந்தச் சிகிச்சை முறையைச் சட்டமாக்கலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தபோது 68 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், ரொம்பக் கட்டுப்பாடான, பழமைப் பிடிப்புள்ள ஒரு நாட்டில்!

சரி, உங்கள் அண்ணன் சொன்ன வன்கூவருக்கு வருவோம். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. தொண்ணூறுகளில் அந்த நகரத்தின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியில் எச்.ஐ.வி.யும் அளவு மீறிய போதையால் வரும் சாவும் கட்டுக்கடங்காமல் போயின. அப்போது மேயராக இருந்த பிலிப் ஓவன் தடுப்பு, சிகிச்சை, சட்டம், தீங்கு குறைப்பு என்று நாலு தூண் வைத்து ஒரு திட்டம் கொண்டுவந்தார், 2001-ல் மாநகரசபை அதை ஏற்றது. அவருடைய சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, 2002 தேர்தலில் அவர் நிற்கவில்லை. நின்று ஜெயித்தவர் லாரி கம்பெல், மரண விசாரணை அதிகாரியாக வருஷக்கணக்கில் இந்தச் சாவுகளை எண்ணிக் களைத்துப்போன மனிதர், அவரும் அதே திட்டத்தைத்தான் கையில் எடுத்தார். 2003 செப்டம்பரில் இன்சைட் என்ற அந்த இடம் திறந்தது. அங்கே யாரும் போதைப்பொருள் கொடுப்பதில்லை. தன்னுடையதைத் தானே கொண்டுவருகிறவன் சுத்தமான ஊசியோடு, நேர்ஸ் ஒருவரின் கண் முன்னால் பாவிக்கிறான், மூச்சுக் குறைந்தால் அந்த இடத்திலேயே காப்பாற்றுகிறார்கள். விட வேண்டும் என்று அவனுக்கே தோன்றும் நாளில் சிகிச்சைக்கு அனுப்பவும் அங்கேயே ஆள் உண்டு. 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, திறந்த பிறகு அந்த இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மீறிய சாவு 35 சதவீதம் குறைந்தது, நகரத்தின் மற்றப் பகுதிகளிலோ 9 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. அரசாங்கம் மூடப் பார்த்தபோது அதே வருஷம் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மூடக்கூடாது என்றார்கள்.

மறைக்காமல் மற்றதையும் சொல்ல வேண்டும். பிறகு பென்டனில் என்ற, ஹெரோயினைவிடப் பல மடங்கு வீரியமான சாமான் அங்கே சந்தைக்குள் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது, 2016-ல் அந்த மாகாணம் பொதுச் சுகாதார அவசர நிலையையே அறிவித்தது. ஆக, ஒரு அறை திறந்தால் ஊர் திருந்திவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அறைக்குள் வைத்து மூச்சுக் குறைந்தவர்களைக் காப்பாற்றினார்கள். அது செய்தது அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இன்சைட்டை மாநகரசபை நடத்தவில்லை, சுகாதாரத் துறையும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன, சட்டவிலக்குக் கொடுத்தது மத்திய அரசு. அப்படியானால் சபை என்ன செய்தது? ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது, வியாபாரிகளின் கோபத்தைத் தாங்கியது, மேலே உள்ளவர்களிடம் விடாமல் கேட்டது. இவ்வளவையும் உங்கள் சபையும் செய்யலாம், அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அதே அறையை இங்கே திறக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. நம் இலங்கைச் சட்டத்தில், 1929-லிருந்து வருகிற நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அதற்கு இடமில்லை, ஒரு நகரசபையால் அதை மாற்றவும் முடியாது. அதைவிட, நோயே வேறு மாதிரி. இங்கே குடுவை ஊசியில் ஏற்றுகிறவர்கள் குறைவு, தாளில் வைத்துச் சூடுகாட்டிப் புகையை இழுக்கிறவர்கள்தான் கூட. ஐஸ் (மெதம்பெட்டமின்) வந்துவிட்டது, அதற்கு மெதடோன் மாதிரி மாற்று மருந்தே கிடையாது, மூன்று நாலு நாள் தூங்காமல் இருந்து, யாரோ துரத்துகிறார்கள் என்று ஓடிவரும் பிள்ளைகளை நான் கிளினிக்கில் பார்க்கிறேன். அப்புறம் நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகபலின் மாத்திரை, அதைக் குடுவோடோ கசிப்போடோ சேர்த்தால் மூச்சை அமுக்கிவிடும். ஆகவே வன்கூவரிலிருந்து ஊசியைக் கடன் வாங்க வேண்டாம், அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்: இன்றைக்கு விட முடியாதவன் நாளைக்கு விட வேண்டுமென்றால், நாளைக்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும். தீங்கு குறைப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஊக்குவிப்பதாகாதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, நானும் படிக்கிற காலத்தில் கேட்டதுதான். மழை மாதத்தில் மலைக்குப் போகிறவர்கள் அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகிறார்கள். சவர்க்காரம் கொடுத்ததால் அட்டை பெருகியது என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. அட்டையை ஒழிக்க முடிந்தால் ஒழிக்கட்டும், அதுவரை கால் நம்முடையது. மெதடோனும், அதைப்போன்ற இன்னொரு மாற்று மருந்தான புப்பிரனோர்பினும் 2005-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, பரசிட்டமோல் இருக்கும் அதே பட்டியலில். ஊக்குவிக்கிற மருந்தை யாரும் அதில் சேர்க்க மாட்டார்கள்.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருவோம். வெறுமனே எதிர்த்துக் கை தூக்கினால் "குடுக்காரனுக்கு வக்காலத்து" என்று ஒரே நாளில் பேர் வைத்துவிடுவார்கள், அதனால் மாற்றுத் தீர்மானம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். மலசலகூடம் திறந்திருக்கட்டும், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த கர்ப்பிணிக்கும் சீனி வியாதிக்காரருக்கும் அது வேண்டும் என்பதையும் வியாபாரிகளுக்கு ஞாபகப்படுத்துங்கள். நல்ல வெளிச்சம் போடுங்கள். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள், உள்ளே ஒருவன் விழுந்து கிடந்தால் உள்ளே தள்ளுகிற கதவைத் திறக்கவே முடியாது, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டால் கால் தெரியும். அங்கே வேலைக்கு இருக்கும் துப்புரவுத் தொழிலாளியை ஒருபோதும் மறந்துவிடாதீர்கள். சபையில் குறைந்த சம்பளம் வாங்குகிறவர், ஆனால் அங்கே நடப்பதெல்லாம் தெரிந்தவர் அவர்தான். பத்து நிமிஷத்துக்கு மேல் சத்தம் இல்லாவிட்டால் கதவைத் தட்டு, பதில் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாலே ஓர் உயிர் மிஞ்சும். அவருக்குத் தடித்த கையுறையும், ஊசியோ பிளேடோ கிடந்தால் போட ஒரு மூடிய டப்பாவும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் வேண்டும், இதை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

சபையின் நூலகத்திலோ ஆயுர்வேத மருந்தகத்திலோ சும்மா கிடக்கும் ஓர் அறை இருந்தால், கிழமைக்கு அரை நாள் தமிழில் பேசக்கூடிய உளவளத்துணையாளர் ஒருவர் உட்கார இடம் கொடுங்கள். தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உடம்பு நடுங்கிக்கொண்டு வருகிறவனை மொழிபெயர்க்க ஆள் தேட வைக்கக்கூடாது. பொலிஸ் பொறுப்பதிகாரியையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுங்கள், விற்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை, மயங்கிக் கிடப்பவனுக்கு உதவி கூப்பிட்டவனைப் பிடிக்காதீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கூட இருந்தவன் பயத்தில் ஓடிவிடுவதால்தான் முக்கால்வாசி பேரை நாங்கள் தாமதமாகப் பார்க்கிறோம். கனடா 2017-ல் இதற்கென்றே சட்டம் போட்டது, உதவிக்கு அழைத்தவர் மேல் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சாட்ட முடியாதபடி.

பக்கத்துப் பிரதேச சபை உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பொடியன்களில் நிறையப் பேர் தோட்ட லயத்துப் பிள்ளைகள். 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டி, தோட்டம் கம்பனிச் சொத்து, அங்கே சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று எத்தனை வருஷம் கைவிரித்தார்கள்! 2018-ல் அது திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாக்கு இல்லை, அவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

இப்போது தம்பி. இதை அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

மாதக்கணக்கில் குடு இல்லாமல் இருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்காது. ஆசை மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு துளி தொடாமல் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், கும்பிடத்தான் தோன்றும், ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்குவது மாலை கழற்றுகிற அந்த நாள்தான். ஜெயிலிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் வருகிறவர்களுக்கும் இதே கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் அளவு மீறிய போதையால் சாகும் ஆபத்து, அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு. ஆகவே தம்பி வீட்டுக்கு வரும் முதல் இரண்டு வாரம், புதிதாகப் பிரசவமான வீட்டில் எப்படி ஒருவர் மாறி ஒருவர் கண் வைத்திருப்போமோ அப்படி இருங்கள். பூட்ட வேண்டாம். குளிக்கும்போதும் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று அவனோடு பேசி ஒத்துக்கொள்ள வையுங்கள்.

அவனிடம் நேராகவே இதைச் சொல்லுங்கள்: "நீ திரும்பத் தொடக்கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் கும்பிடுகிறோம். அப்படியே கைமீறிப் போனாலும் தனியாக இருக்காதே, பழைய அளவைத் தொடாதே, மாத்திரையோ சாராயமோ சேர்க்காதே, எங்களுக்குச் சொல், அடிக்க மாட்டோம்." இப்படிச் சொன்னால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அம்மா பயப்படுவார். ஆகாது. பொய் சொல்லாமல் வீட்டுக்கு வர ஒரு வழி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எப்போதாவது அவன் குறட்டை மாதிரி கரகரவென்று இழுத்து இழுத்து மூச்சு விட்டால், உதடும் நகமும் நீலமானால், நெஞ்செலும்பில் விரல்முட்டியால் பலமாகத் தேய்த்தும் எழும்பாவிட்டால், உடனே 1990. என்ன எடுத்தான் என்பதை அம்புலன்ஸில் வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நெலொக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது, குடுவின் பிடியை இரண்டு மூன்று நிமிஷத்தில் விடுவிக்கும், ஆனால் என்ன மருந்து தேவை என்று தெரிந்தால்தானே கொடுப்பார்கள்? அவர்கள் வரும்வரை தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், பால், தேசிக்காய்ச் சாறு எதுவும் வாயில் ஊற்றக்கூடாது, பீலித் தண்ணீரில் கொண்டுபோய் நனைக்கவும் கூடாது, இரண்டுமே ஆளைக் கொல்லலாம். மூச்சு வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், மருந்தின் வேகம் ஒரு மணித்தியாலத்தில் இறங்கினால் திரும்பவும் மயங்கலாம்.

காசு கையில் கொடுக்க வேண்டாம், சோறு கொடுங்கள், பஸ்ஸுக்கு நீங்களே கூட வந்து டிக்கட் எடுங்கள். கொழும்புக்கு உடனே வேலைக்கு அனுப்ப வேண்டாம், பழைய கடை, பழைய கூட்டாளி, பழைய சந்து, மூன்றும் ஒரே இடத்தில் காத்திருக்கின்றன. 1984-லிருந்து இயங்கும் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம், கண்டியிலும் அவர்களுடைய சிகிச்சை நிலையம் உண்டு. அம்மா கோயிலில் நூல் கட்ட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், கட்டட்டும், அந்தக் கையோடு கிளினிக்குக்கும் வரட்டும்.

கூட்டத்தில் தம்பி விஷயத்தைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் ஓடியிருக்கும். சொல்ல வேண்டாம். அது அவனுடைய கதை, அவன் சம்மதிக்காமல் அதைச் சபையில் எடுத்து வைக்கிற உரிமை அக்காவுக்கும் இல்லை. கதவு, வெளிச்சம், 1990, துப்புரவுத் தொழிலாளியின் கையுறை, இவற்றைப் பேசுங்கள்.

அவன் வெளியே வரும் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அந்தக் கிழமையே கூட்டிவாருங்கள். எட்டு மணிக்கு முன்னால் வந்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவனைத் தெரிந்தவர்கள் பார்ப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடலாம்.